தத்துவம் படிச்சா சோறு போடுமா?



"இன்ஜினியரிங் முடிச்சிட்டு எம்.ஏ. தத்துவமா? தத்துவம் படிச்சா சோறு போடுமா?" நம்ம வீடுகளில் ஒரு பிள்ளை இப்படி ஓர் ஆசையைச் சொன்னால், முதலில் வருகிற கேள்வி இதுதான். அத்தை கேட்பார், மாமா கேட்பார், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் கேட்பார்.

இதைக் கேட்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்கள், காண்டா வாளி சுமந்து தோள் காய்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. பேராக்கில் எத்தனையோ தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயன் வீட்டைக் காலி செய்துகொண்டு சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் வந்தவர்கள் கையில் ஒரு துண்டு நிலம்கூட இல்லை. பிள்ளைகளுக்கு அவர்கள் எழுதி வைத்த ஒரே நிலம் படிப்புதான். அந்த நிலத்தில் என்ன விளையும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே இன்று இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பதிலுக்கு நாம் வெளியே எங்கேயும் போக வேண்டாம். கடோபநிடதத்தில் ஒரு பையன் இருக்கிறான். வயசில் நம்மைவிடச் சின்னவன். பெயர் நசிகேதன்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா வாஜசிரவசு பெரிய வேள்வி செய்கிறார். தானமாகக் கொடுக்கிற பசுக்களோ பால் வற்றிப்போன கிழட்டுப் பசுக்கள். பையனுக்கு மனசு கேட்கவில்லை. "அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்கிறான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும் கேட்கிறான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னை எமனுக்குத்தான் கொடுக்கப் போறேன்!" என்று சொல்லிவிட்டார். பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் புறப்பட்டுவிட்டான். எமன் வீட்டில் எமன் இல்லை. மூன்று இரவுகள் சாப்பாடு இல்லாமல் வாசலில் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன், விருந்தாளியைப் பட்டினி போட்டதற்காக இரவுக்கு ஒன்று என்று மூன்று வரம் தருகிறான்.

வழக்கமாகச் சொற்பொழிவுகளில் மூன்றாவது வரத்துக்கு ஓடிவிடுவோம். மரணத்துக்குப் பிறகு என்ன என்ற அந்தப் பெரிய கேள்விதான் உபநிடதத்தின் உயிர். ஆனால் அந்தப் பையன் வரங்களை எந்த வரிசையில் கேட்டான் என்று நின்று பாருங்கள். தத்துவத்தில் முதுகலை படிக்க ஆசைப்படுகிற ஒவ்வொருவருக்கும் அந்த வரிசையில் பாடம் இருக்கிறது.

முதல் வரம்: அப்பாவின் மனம்

உலகத்தில் யாருக்கும் கிடைக்காத ஆசிரியர் எதிரில் நிற்கிறார். அவரிடம் அந்தப் பையன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எங்கப்பா கோபம் தணியணும். நான் திரும்பிப் போகும்போது என்னை அடையாளம் கண்டு, பழையபடி அன்பா பேசணும்." அவ்வளவுதான்.

கேள்வி கேட்டதால்தான் வீட்டில் கோபம் வந்தது. கேட்டது தப்பு என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே விட்டுவிட்டு ஞானம் தேடவும் இல்லை. அப்பாவின் மனம் நிம்மதியானால்தான் தன் மனம் பாடத்தில் நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? இரண்டு புத்தகம் படித்ததும் அம்மா ஏற்றும் விளக்கைப் பார்த்து, "இதெல்லாம் அர்த்தம் தெரியாத சடங்கு" என்று ஆரம்பித்துவிடுகிறோம். இல்லையென்றால் வீட்டுக்குச் சொல்லாமலே விண்ணப்பம் அனுப்பிவிட்டு, இடம் கிடைத்த பிறகு சண்டை போடுகிறோம். நசிகேதன் வழி வேறு. முதலில் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுவது. பயம் எதில் என்று கேட்பது. பி.டி.பி.டி.என். கடனா? தங்கையின் படிப்பா? அவருக்கு வயசாகிறதா? இந்தப் பயங்களுக்கு உபநிடத வரிகள் பதில் ஆகாது. கணக்குப் போட்ட தாள் ஒன்றுதான் பதில்.

இரண்டாம் வரம்: செங்கல் கணக்கு

இரண்டாவது வரம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது பொறியியல் பாடம். சுவர்க்கத்துக்கு வழியாகிற வேள்வித் தீயை எப்படி அமைப்பது என்று பையன் கேட்கிறான். எமன் சொல்லிக் கொடுக்கிறான்: எந்த வகைச் செங்கல், எத்தனை செங்கல், எப்படி அடுக்குவது. மரணத்தின் கடவுள் செங்கல் கணக்குச் சொல்கிறான்! பையன் கேட்டதை அப்படியே பிசகாமல் திருப்பிச் சொல்கிறான். எமனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இனி இந்தத் தீ உன் பெயராலேயே அழைக்கப்படும் என்று கூடுதலாக ஒரு வரமும் தருகிறான்.

யோசித்துப் பாருங்கள். பிரம்மத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தப் பையனுக்குச் செங்கல் அடுக்கத் தெரியுமா, சொன்னதைக் கவனித்தானா என்று பார்க்க எமனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. தொழிலில் கவனம் இல்லாதவனுக்குத் தத்துவத்திலும் கவனம் இருக்காது. பொறியியல் பிடிக்கவில்லை, சி.ஜி.பி.ஏ. இறங்கிப் போச்சு, அதனால் தத்துவத்துக்குப் போகிறேன் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து நில்லுங்கள். தத்துவம் ஓடி ஒளிகிற இடமாக இருக்காது. தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் ஒரு வரியை விட்டால் விடை தப்பாகும். தருக்கத்தில் ஒரு படியை விட்டாலும் அதே கதைதான்.

மூன்றாம் வரம்: விற்காத கேள்வி

அப்பாவின் மனம் ஆச்சு, செங்கல் கணக்கு ஆச்சு. இப்போதுதான் பையன் கேட்கிறான்: "மனிதன் செத்த பிறகு இருக்கான்னு சிலர் சொல்றாங்க, இல்லைன்னு சிலர் சொல்றாங்க. எது உண்மை?"

எமன் தட்டிக் கழிக்கப் பார்க்கிறான். தேவர்களுக்கே சந்தேகமான விஷயம், வேறு ஏதாவது கேள் என்கிறான். நூறு வருஷம் வாழ்கிற பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், ஆடு மாடு, யானை, குதிரை, தங்கம், நிலம், ரதத்தோடு வரும் அழகிகள் என்று பட்டியல் போடுகிறான். பையன் அசையவில்லை. இதெல்லாம் நாளைக்கு இருக்காது, உங்கள் யானையும் ஆட்டமும் பாட்டும் உங்களிடமே இருக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் எமன், இனியது ஒன்று, நல்லது ஒன்று, இரண்டும் மனிதனிடம் வரும், அறிவாளி நல்லதைத் தேர்ந்தெடுப்பான் என்று பாடத்தையே ஆரம்பிக்கிறான். இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற மாணவன் எங்களுக்குக் கிடைக்கட்டும் என்று அவனே ஆசைப்படவும் செய்கிறான். கேள்வி கேட்கிறவனை நம் சமயம் விரட்டவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, இது புராணகாலத்துக் கதை, நம்ம காலத்தில் யார் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஒருவர் செய்திருக்கிறார்.

திருத்தணிப் பக்கத்து மாணவர்

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-இல் திருத்தணிப் பக்கம் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம், உதவித்தொகையில்தான் படிப்பு. வேலூரில் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிக்கு வந்தார். எந்தப் பாடம் எடுப்பது? படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். இந்திய தத்துவத்தை உலகத்துக்குக் கொண்டுபோனவர் அந்தத் துறைக்கு வந்தது இப்படித்தான்.

அந்தக் கல்லூரியில் ஒரு குற்றச்சாட்டு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வேதாந்தம் உலகத்தை மாயை என்கிறது. மாயையான உலகத்தில் நல்லது எது, கெட்டது எது? ஆகவே வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை. இதுதான் குற்றச்சாட்டு. விவேகானந்தரின் பேச்சுகளைப் படித்துப் பெருமைப்பட்டிருந்த இளைஞனுக்கு இது எப்படி வலித்திருக்கும்!

அவர் என்ன செய்தார்? முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வையே அந்தக் கேள்வியின் மேல் எழுதினார். வேதாந்தத்தின் ஒழுக்கவியல்தான் தலைப்பு. 1908-இல் அது புத்தகமாக வெளிவந்தபோது அவருக்கு வயசு இருபதுதான். அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் ஒரு கிறிஸ்துவ இறையியலாளர். கருத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறவர். அவரே அந்த ஆய்வைப் பாராட்டினார். அடுத்த வருஷம், 1909-இல், இராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியர் ஆனார். 1936-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1962-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர்.

"பாத்தீங்களா, தத்துவம் ஜனாதிபதி ஆக்கும்!" என்று நான் முடித்தால் அது ஏமாற்று. எம்.ஏ. தத்துவம் படித்த எல்லாரும் ஜனாதிபதி ஆகப் போவதில்லை. பலருக்கு ஆசிரியர் வேலை கிடைப்பதே சிரமம். நான் பார்க்கச் சொல்வது அந்த இருபது வயசை. தன் சமயத்தை ஒருவர் குறை சொன்னபோது அவர் சண்டைக்குப் போகவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து தன் சமயத்தை விட்டு ஓடவும் இல்லை. குறை சொன்னவரின் வாதத்தை முழுசாகப் புரிந்துகொண்டு, அவருக்குப் புரிகிற மொழியில், அவரே மதிப்பெண் போடுகிற தாளில் பதில் எழுதினார். நம் சமயத்தில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று தேடிப் பார்க்க அந்த விமர்சனம்தான் தன்னைத் தூண்டியது என்றும் பின்னால் நன்றியோடு எழுதினார்.

பாட்டி சொன்ன பால் வெட்டு

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்கிறோம். பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறை நண்பன் கேட்கிறான், "ஏன் அலகு குத்திக்கிறீங்க? உங்க கடவுள் ரத்தம் கேக்குறாரா?" அவன் கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிறான். நம்மில் முக்கால்வாசிப் பேரின் பதில், "அது எங்க தாத்தா காலத்துலேருந்து வருது லா." அதற்கு மேல் வார்த்தை வராது. பக்தி இருக்கிறது, விளக்கம் இல்லை.

பெரியவர்கள் மூன்று படி சொல்வார்கள்: கேட்டல், சிந்தித்தல், தெளிதல். தேவார வகுப்பில், கோயில் சொற்பொழிவில் நாம் கேட்கிறோம். கேட்டதும் நேராகத் தெளிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நடுவில் இருக்கிற சிந்தித்தல் என்ற படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். தத்துவ முதுகலை என்பது அந்த நடுப்படியில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பதுதான்.

இது மேல்நாட்டுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் அருளினார். பன்னிரண்டே சூத்திரம். அதற்கு அவர் செய்த விளக்கத்தைப் பாருங்கள்: மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. நான் சொல்வது இது, காரணம் இது, உதாரணம் இது. ஆய்வுக்கூட அறிக்கை எழுதுகிற நமக்கு இந்த அமைப்பு புதுசா என்ன? அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, பிற மதங்கள் பதினான்கின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, பிறகுதான் மறுக்கிறார். சுபக்கத்தில் சொந்தக் கொள்கையைச் சொல்வதற்கு முன் அளவை பற்றிப் பேசுகிறார். காண்டல், கருதல், உரை என்று எதை வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் சரிபார்க்கிறார். பொறியியலில் இதைத்தான் காலிபிரேஷன் என்கிறோம். சரிபார்க்காத கருவியால் எடுத்த அளவை எந்த விரிவுரையாளரும் ஏற்கமாட்டார்.

ஆனால் கேள்வி கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் சொல்வார்: "உளிய மேலால இழுத்தா பால் வராது. ஆழமா எறக்கினா மரத்துக்குக் காயம்; அப்புறம் அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வளராது." பால் ஓடுகிற குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. அதற்கு உள்ளே மெல்லிய வளர்படலம், அதற்கும் உள்ளே கட்டை. உளி பட்டைக்குள் போக வேண்டும், வளர்படலத்தைத் தொடக் கூடாது. இந்தக் கணக்கு பாட்டியின் கை மணிக்கட்டில் இருந்தது. தத்துவ மாணவனுக்கும் அந்த மணிக்கட்டு வேண்டும். கேள்வியே கேட்காதவன் மேலால் இழுக்கிறவன், அவன் மங்கில் பால் விழாது. அடுத்தவர் நம்பிக்கையைக் கிழிப்பதற்கென்றே கேட்கிறவன் மரத்தைக் காயப்படுத்துகிறான், அடுத்த தலைமுறைக்குப் பட்டை இருக்காது.

படிப்பே ஆணவமாகிவிடலாம் என்பதற்கும் அருணந்தியார் கதையே எச்சரிக்கை. சகல ஆகமங்களையும் கற்ற பண்டிதர் அவர். சிறுவயசு மெய்கண்டார் பாடம் சொல்கிறார் என்று கேள்விப்பட்டுச் சோதிக்க வந்தார். "ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும்?" என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், பண்டிதர் அந்த இடத்திலேயே மாணவர் ஆனார் என்று வரலாறு சொல்வார்கள். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் பக்கத்தில் இந்தக் கதையையும் மாட்டி வைக்கலாம். கடோபநிடதத்திலும் எமன், வெறும் தர்க்கத்தால் மட்டும் இந்த அறிவு கிட்டாது என்று சொல்லித்தான் பாடம் நடத்துகிறான்.

என் வீட்டு நிலவரம்

ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் மெக்கானிக்கல் பொறியியல் மூன்றாம் ஆண்டு. தத்துவத்தில் முதுகலை செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கே இருக்கிறது. அப்பா செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். தங்கை அடுத்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். வீட்டில் பேசினேன். அம்மா அழுதார். அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் படிப்புல என்னதான் கேப்பாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். குறுக்கே பேசாமல் கேட்டார். இதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நசிகேதன் வரிசைப்படி நான் போட்டிருக்கிற கணக்கு இது. பட்டத்தை நல்லபடி முடிப்பது. வேலைக்குப் போய், தங்கை கல்லூரிக்குப் போகிற வரைக்கும் வீட்டைத் தாங்குவது. அதே நேரத்தில் படிப்பைத் தொடங்குவது. அதற்கு வழி இருக்கிறது. இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தத்துவ முதுகலையைத் தொலைதூரக் கல்வியாக நடத்துகிறது. முதல் பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நேரில் போய்ப் படிக்க முடிந்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராதாகிருஷ்ணன் பெயரிலேயே தத்துவ உயராய்வு நிறுவனம் இருக்கிறது. சைவ சித்தாந்தத்துக்குத் தனித் துறையும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன், வெளிநாட்டு மாணவர்களுக்கான விதிகளையும், அந்தப் பட்டத்துக்கு நம் நாட்டில் அங்கீகாரம் உண்டா என்பதையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். அதுவும் செங்கல் கணக்கில் சேர்த்திதான்.

எல்லாரும் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் அணியில் நூறு பேர் இருந்தால் ஒருவர் இருவர் படித்தால் போதும். மற்ற தொண்ணூற்றெட்டு பேரும் அந்த இருவரைக் கேலி பண்ணாமல் இருந்தால் அதுவே பெரிய தொண்டு. டாக்டர் நமக்கு வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், கோயில் நிலப் பத்திரம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அதே மாதிரி, பக்கத்து அறை நண்பனின் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரும் வேண்டும். வகுப்பில் ஒரு பத்து வயசுப் பிள்ளை, "டீச்சர், சாமி எங்க இருக்கார்?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று சொல்லாத ஒருவர் வேண்டும்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: சோற்றுக்கு இரண்டாவது வரம் இருக்கிறது, அதை நன்றாகச் செய்வோம். சாப்பிட்டு முடித்த பிறகு, எதற்காக உயிரோடு இருக்கிறோம் என்று மனசு கேட்கும். அந்தக் கேள்விக்கு மூன்றாவது வரம் இருக்கிறது, அதை யாருக்கும் விற்காமல் வைத்துக்கொள்வோம்.

வருகிற ஞாயிறு வகுப்புக்கு வரும்போது, நம் சமயத்தைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் போட வேண்டாம். வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து படித்து விடை தேடுவோம்.

திருச்சிற்றம்பலம்.